அப்பாவின் படம் வாசலில் இருக்கட்டும்

சாமி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசினால் கத்துகிறேன் என்கிறாய். நீ பேசினால் ‘ம்’ என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அப்பா போன நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆபீசில் உட்கார்ந்து இதைப் படிக்காதே. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

அப்பாவின் படத்திறப்புக்காக நீ செய்திருக்கும் ஏற்பாடுகளை எல்லாம் பார்த்தேன். அவினாசி ரோட்டில் ஏசி மண்டபம், மேடை, பெரிய திரை, புல்லாங்குழல் இசையோடு ஓடும் வீடியோ, பேசுகிறவர்களின் வரிசை, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஒரு துளசிச் செடி. பூனாவில் உட்கார்ந்துகொண்டு, வேலைக்கு நடுவில் நீ இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாய் என்பதே எனக்குப் போதும். அந்த ஏற்பாட்டுக் கம்பெனிக்காரரும் போன் செய்தார், நல்ல மனிதர். “அம்மா, தீம் என்னங்க வெச்சுக்கலாம்?” என்று கேட்டார். போனவருக்குத் தீம் என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மகனைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அழைப்பிதழில் ‘எங்கள் குடும்பத்தின் ஆலமரம் சாய்ந்தது’ என்று போட்டிருக்கிறார்கள். உன் அப்பாவின் உடம்பைப் பார்த்தவர்கள் முருங்கை மரம் என்று சொன்னாலாவது நம்புவார்கள். படத்தில் அவருக்குக் கோட்டுப் போட்டு, மீசைக்கு மை தடவி, கன்னத்தையும் கொஞ்சம் உப்ப வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கே கோட்டுப் போடாத மனுசன்! அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன் கண்ணு. அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

எனக்கு மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம். நம் வீட்டு முன்னாலேயே ஒரு பந்தல் போட்டால் போதும். அப்பாவின் படத்தை உள்ளே வைக்காமல், கேட்டை ஒட்டி வாசலில் வைக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும். நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். இதைப் படித்ததும் நீ பதறுவாய் என்று தெரியும். துக்கக் காரியத்தில் யாராவது ‘வாங்க’ என்பார்களா என்று கேட்பாய். சொல்ல மாட்டார்கள்தான். எழவு வீட்டில் வந்தவரை வாவென்றால் இன்னொரு எழவுக்கும் கூப்பிட்டது போல ஆகிவிடும் என்பது நம் பக்கத்துப் பயம். வந்தவர்களும் போகும்போது ‘வாரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். அதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன். நீ கிளம்பிப் போன காலையைப் பற்றியும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இப்போதே எழுத ஆரம்பித்தால் மற்றது எதுவும் எழுத முடியாது.

நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் சமையலுக்கு ஆள் பிடிப்பதற்கு முன்னால் உன் அப்பாவைத்தான் பிடிப்பார்கள். சீர் செய்ய ஒருவர், பந்தி பார்க்க ஒருவர், வாசலில் நிற்க உன் அப்பா. வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக விடியற்காலையிலேயே மண்டப வாசலில் போய் நின்றுவிடுவார். “வாங்க, வாங்க, ஏனுங்க இத்தன நேரம், பையன் வரலீங்களா, போயி மொதல்ல சோறு உங்க, அப்பறம் பேசிக்கலாம்.” மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. தப்பான மண்டபத்துக்கு வந்தவர்களைக்கூட ‘வாங்க’ என்று உள்ளே அனுப்பிச் சாப்பிட வைத்திருக்கிறார். காரில் வருகிறவருக்கும் டவுன் பஸ்ஸில் வருகிறவருக்கும் ஒரே கும்பிடு, ஒரே சத்தம். அந்தச் சத்தம் தறியிலிருந்து வந்தது. வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடினால் குடும்பமே கத்தித்தான் பேச வேண்டும். நாங்கள் கொஞ்சிக்கொண்டாலும் அக்கம்பக்கத்தார் சண்டை என்றுதான் நினைப்பார்கள். அதே தறி கடைசியில் அவர் காதையும் வாங்கிக்கொண்டது. நீ வாங்கிக் கொடுத்த காது மெஷினை டப்பாவிலேயே பத்திரமாக வைத்திருப்பார். உன் போன் வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும், மணி அடிப்பதற்கு முன்பே எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மண்டப வாசலில் அது தேவையில்லையாம். “நாம சொல்றதுதானே முக்கியம், அவிய பதில் சொல்றது கேக்காட்டிப் போவுது” என்பார்.

அப்படிப்பட்டவருக்கு நீ மகனாக வந்து பிறந்தாய்! யாராவது கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குள் போய்விடுவாய். “படிக்கிறானுங்க” என்று நான் சமாளிப்பேன். பல்லடத்திலிருந்து உன் மாமா வந்தாரே, நினைவிருக்கிறதா? புதிதாகக் கோழிப்பண்ணை போட்ட சந்தோஷத்தில் ஒரு அட்டை நிறைய முட்டையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். நானும் அப்பாவும் தறிக்கொட்டகையில் இருந்தோம். நீ கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் புத்தகத்தில் குனிந்துவிட்டாய். முட்டையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் திரும்பிப் போய்விட்டார். ‘வாங்கன்னு கேக்க ஒரு நாதியில்ல அந்த ஊட்டுல’ என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட, உன் அப்பா வேலையை விட்டுவிட்டுப் பல்லடம் போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தார். வந்தவர் உன்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “கண்ணு, வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்குக் காசா, பணமா? அவியளுக்கு நம்ம ஊட்டுல எடமிருக்குதுன்னு அப்பறம் எப்படித் தெரியும்?” என்றார். நீ தலையை ஆட்டினாய். மறுநாள் பால்காரரைப் பார்த்து வாங்க என்றாய். அதோடு சரி. காலேஜ் படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு, “வர்றவங்க போறவங்களக் கேக்கறதுக்கு நான் என்ன வாட்ச்மேனா?” என்று கேட்டுவிட்டாய். அப்பா முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பிறகு அவர் உன்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எல்லோருக்கும் எல்லாம் வராது, அவனுக்கு அது வரவில்லை, விடு என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஆனால் உனக்கு வேறொன்று வரும் என்பதை அவர் போன அன்றைக்குப் பார்த்தேன். காலையில் காபி குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நீ வந்து சேர்வதற்குள் பங்காளிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஊர் மண்ணுக்கே கொண்டுபோய், பாட்டன் பூட்டன் எரிந்த சுடுகாட்டில்தான் கட்டை அடுக்க வேண்டும் என்று உன் சித்தப்பா ஆளையும் வண்டியையும் பேசி முடித்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு அவருக்கு. நீ வந்ததும் நேரே என்னிடம் வந்து, “அம்மா, அப்பா எங்க வேணும்னு ஏதாவது சொல்லியிருக்காரா?” என்று காதோடு கேட்டாய். சொல்லியிருந்தார் சாமி. உன் பெரியப்பாவை ஊரில் எரித்த அன்று ஐப்பசி மழை. விறகு நனைந்து பற்றவே இல்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி, பொழுது சாயும் வரைக்கும் பெரியப்பா பையன் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றானாம். திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்த உன் அப்பா சொன்னார்: “ஏம்புள்ள, எனக்கு அந்தக் கட்டையெல்லாம் வேண்டாம். பக்கத்துல கேஸ் மயானம் இருக்குதல்லோ, அங்க கொண்டு போகச் சொல்லு. என்ற பையன் அப்படி மழைல நிக்கக் கூடாது.” சோறு உங்கற நேரத்துல என்ன பேச்சு இது என்று நான் அதட்டினேன். அவர் ரசம் கேட்டார், ஊற்றினேன்.

இதைச் சொன்னதும் நீ எழுந்து போய் அத்தனை பங்காளிகளுக்கும் நடுவில் நின்றாய். “கேஸ் மயானத்துலதாங்க சித்தப்பா. அப்பா அப்படித்தான் சொல்லியிருக்காரு” என்றாய். ஊர் என்ன சொல்லும், சாதிசனம் என்ன சொல்லும், கம்பெனி பாய்லர் மாதிரி அதில் போட்டு மூடுவதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நீ சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பத் திரும்பச் சொன்னாய். கடைசியில் உன் சித்தப்பாவே, “செரி, அண்ணன் வாக்கு. அதுக்கு மேல என்ன இருக்குது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தார். பெண்கள் நாங்கள் வீதி முனையோடு நின்றுவிட்டோம். அங்கே நெஞ்சில் சூடம் வைத்ததையும், கதவு திறந்ததையும், பொத்தானை அழுத்தச் சொன்னதும் சித்தப்பா உன் கைமேல் தன் கையை வைத்ததையும் அவர்தான் வந்து எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவரும் அழுதார். மறுநாள் கலயத்தில் சாம்பலை வாங்கிப் பேரூர் நொய்யலில் கரைத்தது வரைக்கும் ஒரு குறை இல்லை. பிள்ளை என்றால் நீதான். அதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும், இப்போது எழுதுகிறேன். இந்தப் பேச்சையெல்லாம் அபசகுனம் என்று தள்ளாமல் வீட்டில் பேசி வைக்க வேண்டும் கண்ணு. அவர் அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் சொல்லி வைத்ததால்தான் நீ அத்தனை பேர் நடுவில் தைரியமாக நின்றாய்.

இனி அந்த ‘வாங்க’வுக்கு வருகிறேன். அன்று நம் வீதியில் அத்தனை தறியையும் நிறுத்திவிட்டார்கள். யார் வீட்டில் எழவு என்றாலும் எடுக்கிற வரைக்கும் வீதியில் தறி ஓட்ட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். கரண்ட் போனால்தான் அப்படி ஒரு அமைதி வரும். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது கேட்டருகில் ரஹீம் பாய் நிற்பது தெரிந்தது. கோட்டைமேட்டிலிருந்து வந்து நம் காடாத் துணியை எடுத்துப் போவாரே, அவர்தான். வயதாகி, குச்சி ஊன்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரலாமா, எங்கே நிற்பது, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் தயங்கிக்கொண்டிருந்தார். அவரை எப்போது பார்த்தாலும் தறிக்கொட்டகைக்குள் இருந்தே உன் அப்பா கூப்பிடுவார். அவர் படுத்திருக்கிறார், கூப்பிட ஆள் இல்லை. நான் யோசிக்கவே இல்லை சாமி. “வாங்க பாய், வாங்க” என்று சொல்லிவிட்டேன். தறிக்கு மேலே கத்திப் பழகிய குரல், தறி ஓடாத வீட்டில் எப்படிக் கேட்டிருக்கும்? ஒப்பாரி வைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். “ஏனுங்க நங்கை, எளவு ஊட்டுல உக்காந்துட்டு வாங்கங்கறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா? இன்னொருத்தரையும் கொண்டுட்டுப் போகோணுமா?” என்றாள். பாய் பாவம், தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கேட்டோடு நின்றுவிட்டார். யாரோ உன்னைக் கூட்டி வந்தார்கள். நீ குனிந்து, “அம்மா, நீங்க உள்ள வந்து கொஞ்ச நேரம் படுங்க, வாங்க” என்று தோளைப் பிடித்து எழுப்பினாய். என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்தினாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். அம்மாவுக்கு நிதானம் தப்பிவிட்டது, நாலு பேர் எதிரில் அம்மாவை யாரும் பேசிவிடக் கூடாது என்று நினைத்தாய். எனக்கு நிதானம் தப்பவில்லை கண்ணு. அவரோடு இருக்கக் கிடைத்த கடைசிப் பொழுதில் கொஞ்சம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இருந்தது. உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. இருந்த கோபமும் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்ததோடு போய்விட்டது.

உன் அத்தைமேலும் கோபமில்லை. அவள் வீட்டுக்காரர் தவறிய அன்று, விவரம் தெரியாத யாரோ ஒருவர் வாசலில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்றாராம். அந்த வருஷம் முடிவதற்குள் அவள் மருமகனும் விபத்தில் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வார்த்தையே பயம். போன வாரம் வந்திருந்தாள். வாசலில் படம் வைத்து வாங்க கேட்கப் போகிறோம் என்று சொன்னேன். “உங்க இஷ்டமுங்க நங்கை. நான் வரலீங்க” என்று எழுந்தாள். நான் சண்டை போடவில்லை. அடுப்பில் இருந்த காபியை ஆற்றிக் கொடுத்தேன். அவள் குடித்தாள். குடித்துவிட்டு அந்த வேப்பமரத்தடி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அண்ணன் இருந்திருந்தா நான் கேட்டத் தொறக்கறதுக்குள்ளயே சத்தம் போட்டிருக்கும். இன்னிக்கு நான் பாட்டுக்கு உள்ள வந்தனுங்க, எனக்கே என்னமோ மாதிரி ஆயிப்போச்சு” என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன். கிளம்பும்போது, “என்னயும் வாங்கன்னு கேப்பீங்களா?” என்றாள். “உன்னயத்தான் மொதல்ல கேக்கச் சொல்லுவேன்” என்றேன். வருவாளா என்று தெரியாது. வந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல். பயந்தவர்களிடம் கத்தக் கூடாது.

சரி, மற்ற ஏற்பாடுகள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வை, தறிக்காரர்கள் அன்றைக்குத்தான் வர முடியும். உன் வீடியோவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நீ ஆசையாகச் செய்தது, தறிக்கொட்டகைச் சுவரில் ஓடட்டும், புல்லாங்குழலை மட்டும் எடுத்துவிடு. வரிசை போட்டுப் பேச வைக்காதே. மைக் கிடைத்தால் உன் சித்தப்பா கட்சிக் கூட்டம் மாதிரி ஆக்கிவிடுவார். அப்பாவைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சாப்பிட்டுக்கொண்டே சொல்லட்டும், பக்கத்து இலைக்காரர் கேட்டால் போதும். சாப்பாடு அரிசிம்பருப்புச் சோறு. சுடச்சுட, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம். வேறு ஒன்றும் வேண்டாம். இத்தனை பெரிய மனுசனுக்கு அரிசிம்பருப்பா என்று கேட்பார்கள். அவர் தினமும் கேட்டது அதைத்தான், நான் தினமும் செய்து கொடுக்காததும் அதைத்தான். கோட்டுப் போட்ட படத்துக்குப் பதிலாக வேறொரு படம் அனுப்பியிருக்கிறேன், பார். உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் யாரோ போனில் எடுத்தது. மண்டப வாசலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், துண்டு நழுவியிருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. வாய் திறந்த படத்தை யாராவது மாட்டுவார்களா என்று அந்தக் கம்பெனிக்காரர் கேட்பார். அந்த வாயை மூடி யார் பார்த்தது என்று நான் கேட்டதாகச் சொல். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அவர் நிற்கிற உயரத்திலேயே கேட்டுப் பக்கத்தில் வை.

நீ நிற்க வேண்டியது அந்தப் படத்துக்கு வலது பக்கம். உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்பா மாதிரிச் சத்தம் போட வேண்டாம், அந்த வேலையை அந்தப் படம் பார்த்துக்கொள்ளும். பையன் வரவில்லையா, மழை பெய்ததா என்றெல்லாம் நீ விசாரிக்க வேண்டாம். பங்காளிகள் நடுவில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாயே, அதே போல ஒரே ஒரு வார்த்தை. ரஹீம் பாய்க்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். “நான் வந்தா மறுபடியும் எதுவும் பிரச்சினை ஆகாதுங்களே அம்மா?” என்று கேட்டார். இத்தனை வருஷம் வந்து போன வீட்டைப் பற்றி அவர் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. அவர் கேட்டுக்கு வந்து தயங்கி நிற்பதற்கு முன்னாலேயே நீ இரண்டு எட்டு எதிரே போய்விடு. எனக்காக வேறு எதுவும் செய்யாவிட்டாலும் அதை மட்டும் செய்.

என் விஷயத்தையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், பதறாதே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதே கேஸ் மயானம், அதே நொய்யல். பட்டுச் சேலை போர்த்தாதே, வெயிலில் எரிச்சலாக இருக்கும் என்று இப்போதே தோன்றுகிறது. நீ எடுத்துக் கொடுத்த அந்த நீலப் பருத்திச் சேலை போதும். பொட்டை அழிக்கவில்லை நான், அப்படியே இருக்கட்டும். உன் மனைவி வாசலோடு நிற்க விரும்பாவிட்டால் மயானம் வரைக்கும் அவளையும் கூட்டிப் போ. யாராவது கேட்டால் மாமியார் வாக்கு என்று சொல், உனக்குத்தான் அந்த வாக்கியம் நன்றாக வருகிறதே. வீதியில் தறியை நிறுத்துவார்கள். ஒன்றிரண்டு ஓடட்டும் என்று கேட்டுப் பார். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்னது இதுதான். காரியமெல்லாம் முடிந்து நீ போத்தனூரில் ரயில் ஏறக் கிளம்பிய காலையில், நான் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தேன். உனக்குக் கட்டுச்சோறு கட்டி, தூக்குப்போசியில் வைத்து, கையில் வைத்திருந்தேன். நீ பையைத் தூக்கினாய். அப்பா படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் அந்தத் தூக்கோடு அப்படியே நின்றேன். உன் குரலில் ‘வாரேன்’ என்ற ஒரு வார்த்தை வரும், வந்துவிடும் என்று வெகுநேரம் நின்றேன். இவன் இனி வர மாட்டான் போலிருக்கிறது, அப்பாவோடு இந்த வீடும் அவனுக்கு முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்தேன். கட்டுச்சோற்றைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை.

போன வாரம் உன் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது, அம்மாவுக்கு ஆகாது என்று அவள்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டு போயிருக்கிறாய். வாங்க என்று கேட்கச் சொன்னால் உள்ளே ஓடி ஒளிந்த பிள்ளை, சொல்லக் கூடாது என்ற இடத்தில் மட்டும் இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பைத்தியக்காரா, அந்த வழக்கம் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு. நீ துக்கம் கேட்கவா வந்தாய்? இது உன் வீடு. இங்கிருந்து கிளம்பினால் நீ திரும்பி வரத்தான் வேண்டும், அது எனக்கு ஆகும்.

அதனால் படத்திறப்பு முடிந்து கிளம்புகிற அன்றைக்கு, கட்டுச்சோற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொள். கேட்டுப் பக்கத்தில் அப்பா இருப்பார், நானும் அங்கேதான் நிற்பேன். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போ. கொஞ்சம் சத்தமாகச் சொல் சாமி. இத்தனை வருஷத் தறிச் சத்தத்தில் எனக்கும் இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.